நாலாம் கவுண்டர் ஒண்ணுமாகாதக்கா

அந்த ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஆறு கவுண்டர்கள் உண்டு. மற்ற ஐந்திலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் நாலாம் கவுண்டரில் மட்டும் வரிசை வாசல்வரை நீளும். அங்கே உட்கார்ந்திருப்பவள் வேலையில் சூரப்புலி என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால்தான் தட்டுவாள். பக்கத்து கவுண்டர்காரி மூன்று பேரை அனுப்புகிற நேரத்தில் இவள் ஒருத்தரை அனுப்பினால் பெரிய விஷயம். ஆனால் இவள் அனுப்புகிற ஆள் முகம் தெளிந்து போவார். இன்சூரன்ஸ் கம்பெனி எதையாவது கேட்டுக் கடிதம் போட்டிருக்கும். வந்தவர் அதை நீட்டுவார். இவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதலிலிருந்து கடைசிவரை படிப்பாள். படித்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது, போங்க" என்பாள். அவ்வளவுதான், போகிறவருக்குப் பாதி வியாதி அங்கேயே இறங்கிவிடும்.

இருபத்திரண்டு வருஷம் இதையே சொல்லிச் சொல்லி அது அவளுக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர்வரை எல்லாருக்கும் அவள் ஒண்ணுமாகாதக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். அதையும் இன்னும் நாலு வருஷத்துக்குத்தான் பார்க்க முடியும், அப்புறம் ஓய்வு.

அக்காவின் வார்த்தைக்குச் சோதனை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு, கட்டிலுக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்ட காகிதம். அது முடியப்போகிற மாசம் ஆஸ்பத்திரி விலையைக் கூட்டிக் கேட்கும். கம்பெனி முறுக்கிக்கொள்ளும். உடனே இரண்டு தரப்பும் நோயாளிகளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிடும். 'உங்கள் கம்பெனியின் பிடிவாதத்தால் முப்பதாம் தேதிக்குப் பிறகு இங்கே உங்கள் இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம்' என்று ஆஸ்பத்திரி எழுதும். 'எல்லாம் ஆஸ்பத்திரியின் பேராசை' என்று கம்பெனி எழுதும். விலை பேசுகிறவர்கள் ஏசி அறையில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருப்பார்கள். கடிதம் வாங்கினவர்கள் ராத்திரி தூக்கமில்லாமல் புரளுவார்கள். அவர்கள் பயந்துபோய்ப் போன் போட்டுக் கத்த வேண்டும், அந்தச் சத்தத்தில் எதிர்த் தரப்பு இறங்கி வர வேண்டும். கடிதத்தின் நோக்கமே அதுதான்.

கடைசியில் முப்பதாம் தேதி சாயங்காலம் கையெழுத்தாகிவிடும். இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கை குலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அக்கா பத்து முறை பார்த்துவிட்டாள். பத்து முறையும் இதே கூத்து, இதே மங்களம்.

ஒருவேளை கையெழுத்தாகாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வழி இருந்தது. பாதி சிகிச்சையில் நிற்பவர்கள் 'தொடர் சிகிச்சைப் படிவம்' என்று ஒன்றை நிரப்பிக் கொடுக்கலாம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் கவுண்டரில் சேர்ந்துவிட்டால் போதும். ஒப்பந்தம் முறிந்தாலும் அவர்களுடைய சிகிச்சை முடியும்வரை கம்பெனி பழைய விலைக்கே பணம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த நேரத்துக்குச் சாட்சியாக ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு சின்ன மெஷின் உண்டு. தாளைச் செருகினால் 'டக்' என்று தேதியும் மணியும் வரிசை எண்ணும் விழும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். வழக்கம்போல ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. அதன் பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் மறுபடி கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு மாசம் கவுண்டர்காரர்களுக்குக் கழுத்து திரும்பவில்லை. அதிலிருந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பழக்கம் வந்துவிட்டது. படிவம் கேட்டு வருகிறவரை முடிந்தவரை பேசித் திருப்பி அனுப்பிவிடுவது. அந்தக் கலையில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் கையில்தான் அந்த இரண்டு வார்த்தை இருந்ததே.

இது தெரிந்துதானோ என்னவோ, மேனேஜர் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தார். ஒப்பந்தத்தைப் பற்றி ஊழியர்கள் நோயாளிகளிடம் கருத்து எதுவும் சொல்லக் கூடாது, கேட்டால் படிவத்தை மட்டும் கொடுக்க வேண்டும், மீறினால் வேலை போகும். போன வருஷம் இன்னொரு கிளையில் ஒருத்தி அப்படித்தான் வீட்டுக்குப் போனாள். அந்தச் சுற்றறிக்கை அக்காவுக்குப் பின்னால் சுவரில், வெளியே நிற்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தது. அதன்மேல் அக்கா ஒரு காலண்டரை மாட்டியிருந்தாள்.

திருப்பி அனுப்பியவர்களை அவள் சும்மா விட்டுவிடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் பெயரும் போன் நம்பரும் குறித்துக்கொள்வாள். கையெழுத்தானதும் ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டு, "ஆயிடுச்சு, நிம்மதியாத் தூங்குங்க" என்பாள். வேலையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். இந்த முறை நோட்டில் நாற்பத்தேழு பேர் ஏறியிருந்தார்கள்.

அதில் ஒருவர் சைக்கிள் கடைக்காரர். அவர் மனைவிக்குப் புற்றுநோய். எட்டு முறை மருந்து ஏற்ற வேண்டியதில் ஐந்து முடிந்திருந்தது. மனிதர் மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை, பன்னிரண்டாம் தேதி, படிவத்தை நிரப்பியே கொண்டுவந்துவிட்டார். அடியில் மனைவியின் கையெழுத்து சரிந்து இறங்கியிருந்தது. உயரமான ஆள், கவுண்டர் ஓட்டை வழியாகப் பேசக் குனிந்து நின்றார். அக்கா அந்தத் தாளை வாங்கி, நாலாக மடித்து, ஓட்டை வழியாகக் கையை நீட்டி அவருடைய சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"ஒண்ணும் ஆகாது, போங்க. கையெழுத்து ஆனதும் நானே போன் பண்றேன்."

"நீங்க சொன்னா சரிங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நோட்டில் ஏறாத ஒரு ஆளும் உண்டு. அது வீட்டு ஆள், அக்காவின் நாத்தனார். கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள். யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் தையல் வேலை. மூன்று மாசத்துக்கு முன் அங்கே படியில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. முதல் ஆபரேஷனில் காலுக்கு வெளியே இரும்புச் சட்டம் பூட்டி, கம்பிகளை எலும்புக்குள் இறக்கியிருந்தார்கள். அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி அதைக் கழற்றிவிட்டு உள்ளே தகடு வைக்க வேண்டும். பாதியில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த டாக்டரும் தொட மாட்டார் என்று செய்தவரே சொல்லியிருந்தார். நாத்தனாரின் இன்சூரன்ஸும் அதே கம்பெனியில்தான்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பதினெட்டு வருஷப் பழக்கம். சண்டையும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. கடிதம் வந்த அன்று சாப்பிடும்போது நாத்தனார் சட்டம் பூட்டிய காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, அந்தப் படிவத்தை நான் போட வேண்டாமா?"

"எதுக்கு? ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற கூத்து இது. ஒண்ணும் ஆகாது, சாப்பிடு."

பஸ் ஓட்டிவிட்டு வந்து அரைத் தூக்கத்தில் இருந்த அக்காவின் கணவர், "அவதான் சொல்றால்ல" என்றார். நாத்தனார் தலையை ஆட்டினாள், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

முப்பதாம் தேதி வந்தது. காலையிலிருந்து கூட்டம். அக்கா தன் இரண்டு வார்த்தையை வழக்கம்போல் வழங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒன்றே முக்கால் இருக்கும். எலக்ட்ரீஷியன் ஏணியோடு உள்ளே வந்தார்.

கவுண்டர்களுக்கு எதிர்ச் சுவரில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலு திருகாணி. ஒப்பந்தம் முடிகிற நாளில் எலக்ட்ரீஷியன் வந்து அந்தக் கம்பெனியின் பலகைமேல் ஒரு பழைய பேப்பரை ஒட்டுவார். நாலு மூலையிலும் ஒட்ட மாட்டார், மேலே இரண்டு மூலையில் மட்டும். சாயங்காலம் கிழிக்கச் சுலபமாக இருக்க வேண்டுமே. பத்து முறையும் அப்படித்தான். இன்று அவர் கையில் பேப்பரும் இல்லை, டேப்பும் இல்லை. ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

"என்னண்ணே, பேப்பர் கிடைக்கலையா?" என்று அக்கா கவுண்டர் கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"கழட்டி ஸ்டோர்ல போடச் சொல்லிட்டாங்கம்மா. ஓட்டையெல்லாம் அடைச்சு பெயின்ட் அடிக்கணுமாம். பெயின்ட் டப்பா வாசல்ல இருக்கு."

சாயங்காலம் திரும்பி வருகிற பலகைக்கு யாரும் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். முதல் திருகாணி கீழே விழுந்து உருண்டது. அவள் எழுந்து மேனேஜர் அறைக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"இந்தத் தடவை இல்லம்மா" என்றார் மேனேஜர், தலையைத் தூக்காமல். "காலையிலேயே ரெண்டு பக்கமும் எழுந்து போயிட்டாங்க. இனிமே எப்பன்னு தெரியாது." அப்புறம் தலையைத் தூக்கினார். "நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லலைல்ல?"

"இல்ல சார்" என்றாள் அக்கா.

வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பத்தைந்து. ஐந்து மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான். முதல் போன் நாத்தனாருக்கு. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. கணவருக்குப் போட்டாள். அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் போனைத் தொட மாட்டார், அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் நாலு முறை போட்டாள். நேரில் போகலாமென்றால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. நோட்டிலிருக்கும் நாற்பத்தேழு பேரை யார் கூப்பிடுவது? அவள் பக்கத்து கவுண்டர்காரியின் தோளைப் பிடித்தாள்.

"என் வரிசையையும் நீ பாத்துக்க. என்னை எதுவும் கேக்காத."

நோட்டைத் திறந்து மேலிருந்து ஆரம்பித்தாள்.

"நாலாம் கவுண்டர்லேருந்து பேசறேன். அந்தப் படிவத்தை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. அஞ்சு மணிக்குள்ள."

"நீங்கதானே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க?"

இதை அவள் அன்று எத்தனை முறை கேட்டாள் என்று கணக்கில்லை. சிலர் கோபமாகக் கேட்டார்கள், சிலர் அழுதுகொண்டு கேட்டார்கள், ஒரு பெண்மணி நம்பாமல் சிரித்தாள். அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "ஆமாங்க, நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். வாங்க." இரண்டு பெயருக்கு ஒருமுறை நாத்தனாருக்குப் போட்டாள். அவள் எடுக்கவேயில்லை.

இரண்டரை மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டுச் செருப்போடு ஒருவர், அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஒருத்தி, சமையலறையிலிருந்து அப்படியே கிளம்பி மாவுக் கையோடு ஒரு பெரியவர். ஆறு மெஷின்களும் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தன. எதிர்ச் சுவரில் பலகை இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. எலக்ட்ரீஷியன் ஓட்டைகளில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தார். வாங்கிய திட்டுக்கு அக்காவுக்குக் காது எரிந்தது. ஆனால் ஒவ்வொரு டக்குக்கும் நோட்டில் ஒரு பெயரை அடித்தாள்.

சைக்கிள் கடைக்காரர் கொடுத்திருந்தது கடை நம்பர். பதினோரு முறை போட்டாள். பூட்டிய கடைக்குள் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

நாலு முப்பத்தைந்துக்கு நாத்தனார் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, இருபது மிஸ்டு கால்? வலி மாத்திரை போட்டுட்டுப் படுத்தேன், அப்படியே தூங்கிட்டேன். அண்ணனுக்கு ஏதாவதா?"

"அந்தப் படிவம்..." என்றாள் அக்கா. "கையெழுத்து ஆகலடி. நான் உன்னைப் போட விடாமப் பண்ணிட்டேன். உன் காலை நானே கெடுத்துட்டேன். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு, மூணு மாடி இறங்கி நீ எப்படி..."

"அண்ணி, கொஞ்சம் நில்லுங்க. நான் போட்டுட்டேன்."

"எதை?"

"படிவத்தை. நீங்க வேண்டாம்னு சொன்ன மறுநாளே. கட்டு மாத்த வந்தேன்ல, அப்ப ரெண்டாம் கவுண்டர்ல குடுத்தேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அவங்களைக் கேட்டுக்கிட்டேன்."

அக்காவுக்கு முதலில் உயிர் வந்தது. நாற்காலியில் சாய்ந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கால் பிழைத்தது, அது போதும் என்று நினைத்தாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"



"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான். நீங்க எல்லாத்துக்கும் அதையேதான் சொல்றீங்க அண்ணி. குழாய்ல தண்ணி வரலைன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்றீங்க. கால் என்னோடதாச்சே."

போனை வைத்துவிட்டு அக்கா மறுபடி சைக்கிள் கடை நம்பரைப் போட்டாள். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டவள் அவள் வார்த்தையை நம்பவில்லை, அதனால் தப்பித்தாள். மூன்று தடவை மட்டுமே பார்த்தவர் நம்பினார். அவர் போன்தான் அடித்துக்கொண்டேயிருந்தது. அக்காவுக்கு அவமானமாக இருந்தது. நாத்தனார்மேல் கோபப்படக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஐந்து மணி அடித்தபோது நோட்டில் ஒரே ஒரு பெயர் அடிபடாமல் நின்றது. மற்றவர்களில் சிலர் வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே மாறிவிட்டிருந்தார்கள், மீதிப் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஐந்து பத்துக்கு அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவிக்குக் காலையிலிருந்து வாந்தி என்று கடையைத் திறக்கவில்லையாம். மருந்துக் கடையில் யாரோ சொல்லித் தெரிந்து ஓடி வந்திருந்தார். குனிந்து, சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். அக்கா மடித்துக்கொடுத்த அதே நாலு மடிப்பு.

"மணி தாண்டிடுச்சாம்மா?"

அக்கா தாளைப் பிரித்தாள். பக்கத்து கவுண்டர்காரி தலையைச் சாய்த்து முணுமுணுத்தாள்.

"மெஷின் சாவி உன்கிட்டதான இருக்கு. முள்ளைக் கொஞ்சம் பின்னால திருப்பு. யாருக்குத் தெரியப்போகுது?"

சாவி மேஜை இழுப்பறையில் இருந்தது. அக்கா எடுக்கவும் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். ஐந்து மணிக்குப் பிறகு வேறு தாள்களில் முத்திரை விழுந்து வரிசை எண் ஏறிவிட்டது, அதைப் பின்னால் திருப்ப எந்தச் சாவியும் கிடையாது. கம்பெனிக்காரன் எண்ணையும் மணியையும் ஒப்பிட்டுப் பார்ப்பான், பார்த்ததும் போலி என்று தூக்கி எறிவான். அவள் தப்பினாலும் தப்பலாம், இந்த மனிதருக்கு அதோடு எல்லா வாசலும் மூடிவிடும். சாவியை உள்ளே போட்டு இழுப்பறையை மூடினாள்.

படிவத்தின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. எல்லாவற்றையும் கடைசிவரை படிக்கிற அக்காவுக்கு அது மனப்பாடம். நோயாளி உரிய காலத்தில் கொண்டுவந்தும் ஊழியரின் தவறால் படிவம் ஏற்கப்படாமல் போனால், அந்தச் சிகிச்சைச் செலவை ஆஸ்பத்திரியே ஏற்கும். அது ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. தவறு என்னுடையது என்று எந்த ஊழியர் எழுதிக்கொடுப்பார்?

அக்கா பேனாவை எடுத்தாள். படிவத்தின் ஓரத்தில், கம்ப்யூட்டரில் தட்டுவதுபோலவே மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

'இந்தப் படிவம் பன்னிரண்டாம் தேதியே முழுதாக நிரப்பப்பட்டு நாலாம் கவுண்டருக்கு வந்தது. தேவையில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தது நான்.'

கீழே தேதி போட்டாள். தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து கவுண்டர்காரி எட்டிப் பார்த்து, "ஐயோ அக்கா, நாலு வருஷம்தானே இருக்கு" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்தாள். சுற்றறிக்கை பளிச்சென்று தெரிந்தது. சைக்கிள் கடைக்காரர் கண்ணாடி வழியாக அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அவள் எழுதியதைத் தலைகீழாகவே படிக்கப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எங்களுக்காக இப்படி எழுதித் தர்றீங்களே, இதனால உங்களுக்கு ஏதாவது ஆகிடுமாம்மா?"

அக்காவின் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவள் அவற்றை விழுங்கினாள்.

"ஆகும்" என்று சொல்லிவிட்டு, தாளை மெஷினுக்குள் செருகினாள்.